அலாஸ்காவில் அறிவிப்புப் பலகைகளைக் கழற்ற வைத்த எலிசபெத்!

வாடகைக்கு வீடு தேடி அலைஞ்ச அனுபவம் உங்களுக்கு இருக்கா? வீட்டுக்காரர் உங்க முகத்தைப் பார்த்த அடுத்த நிமிஷமே வீடு காலி இல்லைன்னு சொல்லியிருக்காரா? அப்படின்னா எலிசபெத் பெரட்ரோவிச்சை உங்களுக்குச் சட்டுனு புரிஞ்சுடும்.

1941-ம் ஆண்டு. அலாஸ்காவின் தலைநகர் ஜூனோ. பக்கத்தில் மலை, எதிரில் கடல். இன்றைக்கும் வெளியூரிலிருந்து இந்த ஊருக்கு ரோடு கிடையாது, கப்பல் அல்லது விமானம்தான். எலிசபெத் அங்கே கணவர் ராய், மூன்று குழந்தைகளோடு குடிவந்தார். பிடித்த வீடு ஒன்று கிடைத்தது. ஆனால், இவர்கள் பூர்வகுடிகள் என்று தெரிந்ததும் வீடு கைநழுவிப் போனது. சில கடைகளிலும் உணவகங்களிலும் பூர்வகுடிகளுக்கு அனுமதி இல்லை என்று வெளிப்படையாகவே பலகை மாட்டியிருந்தார்கள். நாய்களையும் அவர்களையும் ஒரே வரியில் சேர்த்து எழுதிய பலகைகளும் இருந்தன.

இத்தனைக்கும் அந்த மண்ணே அவர்களுடையதுதான்!

எலிசபெத் டிலிங்கிட் இனத்தைச் சேர்ந்தவர். அவர்கள் மொழியில் அந்தச் சொல்லுக்கு மனிதர்கள் என்று அர்த்தம். அலாஸ்காவின் தென்கிழக்கு ஓரத்தில் தீவுகளும் மழைக்காடுகளுமாக இருக்கும் கடற்கரையில் ஆயிரக்கணக்கான வருஷமாக வாழ்பவர்கள். சால்மன் மீனும் தேவதாரு மரமும்தான் அவர்கள் வாழ்க்கை. அந்த மரத்தைக் குடைந்து படகு செய்தார்கள், பிளந்து வீடு கட்டினார்கள், செதுக்கி வானுயர்ந்த குலச்சின்னத் தூண்களை நிறுத்தினார்கள். மரப்பட்டை நாரையும் மலை ஆட்டின் ரோமத்தையும் சேர்த்து அவர்கள் நெய்யும் சில்காட் போர்வைகள் உலகப் புகழ் பெற்றவை.

அவர்கள் சமூக அமைப்பு இன்னும் சுவாரஸ்யம். மொத்த இனமும் இரண்டு பாதி. ஒன்று அண்டங்காக்கை, இன்னொன்று கழுகு. அண்டங்காக்கை வீட்டுப் பெண் கழுகு வீட்டுப் பையனைத்தான் கட்டணும். ஒரே பாதிக்குள் கல்யாணம் கூடவே கூடாது. பிறக்கிற பிள்ளை அம்மாவின் குலம். பையன்களை வளர்த்து ஆளாக்குகிற பொறுப்பு அப்பாவைவிட தாய்மாமனுக்குத்தான் அதிகம். பாட்டு, கதை, பெயர், சின்னம்... எல்லாமே குலத்தின் சொத்து. இன்னொரு குலத்தின் பாட்டைக் கேட்காமல் எடுத்துப் பாடினால் அது திருட்டு மாதிரி. காப்பிரைட் சட்டமெல்லாம் நமக்குத்தான் புதுசு!

பெரிய விருந்து வைத்து, வந்தவர்களுக்குப் பரிசுகளை அள்ளிக் கொடுப்பது அவர்கள் வழக்கம். வாங்கியவர் ஒருநாள் திருப்பிச் செய்யணும். செய்யாவிட்டால் மானம் போகும், அதுவும் தூண் ஏறும். ரஷ்யாவிடமிருந்து 1867-ல் 72 லட்சம் டாலருக்கு அலாஸ்காவை வாங்கிய அமெரிக்க அமைச்சர் வில்லியம் சீவர்ட் பின்னர் இங்கே வந்தபோது அவருக்கும் அப்படி ஒரு விருந்து நடந்தது. மனுஷன் திருப்பிச் செய்யவே இல்லை. மூக்கும் காதும் சிவப்புச் சாயத்தோடு அவர் உருவத்தைச் செதுக்கித் தூணில் ஏற்றிவிட்டார்கள். கஞ்சத்தனத்துக்கு அந்த நிறம்! சாக்ஸ்மன் கிராமத்தில் அந்தத் தூண் பழசாகப் பழசாகப் புதுசு வைத்துக்கொண்டே இருக்கிறார்கள்.

இப்படிப்பட்ட ஜனங்களின் தேசத்தை அவர்களைக் கேட்காமலேயே விற்றார்கள், வாங்கினார்கள். 1882-ல் அமெரிக்கக் கடற்படை அங்கூன் என்ற டிலிங்கிட் கிராமத்தைக் குண்டு போட்டு எரித்தது. அதற்கு முறையான மன்னிப்பு எப்போது கேட்டார்கள் தெரியுமா? 2024-ல்.

எலிசபெத் பிறந்தது 1911 ஜூலை 4, பீட்டர்ஸ்பர்க் என்ற மீன்பிடி ஊரில். அண்டங்காக்கைப் பாதி. பெற்ற தாய் தகப்பனோடு வளரும் கொடுப்பினை இல்லை. ஆண்ட்ரூ, ஜீன் வானமேக்கர் என்ற டிலிங்கிட் தம்பதி தத்தெடுத்து வளர்த்தார்கள். வளர்ப்பு அப்பா மீனவர், கூடவே சர்ச் ஊழியர். பூர்வகுடிகளின் உரிமைக்காக 1912-ல் தொடங்கிய அலாஸ்கா பூர்வகுடி சகோதரத்துவ சங்கத்தின் ஆரம்பகால உறுப்பினரும்கூட. ஆக, சங்கம், கூட்டம், தீர்மானம் எல்லாம் எலிசபெத்துக்கு வீட்டுச் சாப்பாடு மாதிரி.

கல்லூரி வரை படித்தார். 1931-ல் ராயைக் கல்யாணம் செய்துகொண்டார். ராயின் அம்மா டிலிங்கிட், அப்பா ஐரோப்பாவிலிருந்து வந்தவர். ராய், கிளவாக் என்ற ஊரின் மேயராக இருந்தவர். அதற்குப் பிறகுதான் ஜூனோ, வீடு, பலகை எல்லாம்.

ஜூனோவுக்கு எதிர்க்கரையில் டக்ளஸ் என்ற ஊர். அங்கே ஒரு விடுதியின் வாசலில் அந்தப் பலகையைப் பார்த்த தம்பதி, 1941 டிசம்பர் 30 அன்று கவர்னர் எர்னஸ்ட் குரூனிங்குக்குக் கடிதம் எழுதினார்கள். தேதியைக் கவனிங்க. பெர்ல் ஹார்பரில் குண்டு விழுந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. எங்கள் பிள்ளைகளும் இந்த நாட்டுக்காக உயிரைக் கொடுக்கத் தயார், அங்கே பாகுபாடு இல்லை, சாப்பாட்டு மேசையில் மட்டும் ஏன் என்பதுதான் கடிதத்தின் சாரம். குரூனிங் இவர்கள் பக்கம் நின்றார்.

1943-ல் பாகுபாட்டுக்கு எதிரான மசோதா வந்தது. அவையில் 8-க்கு 8. சமநிலை என்றால் தோல்விதான்.

பலர் இதோடு வீட்டுக்குப் போயிருப்பார்கள். எலிசபெத் அப்போது சங்கத்தின் பெண்கள் பிரிவுக்குத் தலைவர், ராய் ஆண்கள் பிரிவுக்கு. இருவரும் ஊர் ஊராகப் போய் ஆதரவு திரட்டக் கிளம்பினார்கள். பிள்ளைகளை யார் பார்ப்பது? ஒரு கோடைக்காலம் முழுக்க ஓர் அநாதை இல்லத்தில் விட்டுவிட்டுப் போனார்கள். தானே தத்துப்பிள்ளையாக வளர்ந்த ஒரு பெண், தன் பிள்ளைகளை அந்த வாசலில் விட்டுவிட்டுத் திரும்பி நடந்திருக்கிறார். அவரைப் பற்றிய பாராட்டுரைகளில் நாம் சீக்கிரம் தாண்டிப் போய்விடும் இடம் இதுதான். எனக்கு மட்டும் இதைத் தாண்ட முடியலை.

உழைப்பு வீண் போகவில்லை. 1944 தேர்தலில் ராயின் சகோதரர் ஃபிராங்க் உட்பட இரண்டு பூர்வகுடிகள் சட்டமன்றத்துக்குள் போனார்கள். மசோதா கீழவையைத் தாண்டியது. 1945 பிப்ரவரி 5, மேலவை. பார்வையாளர் மாடம் நிரம்பி வழிந்தது.

இரண்டு இனமும் தள்ளித்தள்ளி இருப்பதே நல்லது என்றார்கள் எதிர்த்தவர்கள். ஆலன் ஷட்டக் என்ற செனட்டர், ஐயாயிரம் வருஷ நாகரிகம் கொண்ட வெள்ளையரோடு, காட்டுமிராண்டி நிலையிலிருந்து இப்போதுதான் வெளியே வந்தவர்கள் ஒட்டி உட்கார நினைப்பதா என்கிற தொனியில் பேசினார். எலிசபெத் அங்கேயே உட்கார்ந்து இதைக் கேட்டுக்கொண்டிருந்தார். ராய் பேசி முடித்தார். விவாதத்தின் கடைசியில் எழுந்தார் எலிசபெத். வயது 33.

அவர் கத்தவில்லை. காட்டுமிராண்டி நிலையிலிருந்து இப்போதுதான் வெளியே வந்த ஒருத்தி, ஐயாயிரம் வருஷ நாகரிகம் உள்ள கனவான்களுக்கு அமெரிக்க அரசியல் சாசனம் தரும் உரிமைகளை ஞாபகப்படுத்த வேண்டியிருக்கும் என்று தான் நினைக்கவே இல்லை என்றார். செனட்டரின் வார்த்தை அப்படியே அவர் பக்கமே திரும்பிவிட்டது. வீடு கிடைக்காமல் அலைந்ததை, பிள்ளைகளுக்கு நேர்ந்த அவமானத்தைச் சொன்னார்.

ஷட்டக் விடவில்லை. சட்டம் போட்டால் பாகுபாடு ஒழிஞ்சிடுமா என்று மடக்கினார். திருட்டுக்கும் கொலைக்கும் நீங்கள் போட்ட சட்டங்கள் அந்தக் குற்றங்களை ஒழித்துவிட்டனவா என்று திருப்பிக் கேட்டார் எலிசபெத். எந்தச் சட்டமும் குற்றத்தை முழுசாக ஒழிக்காது, ஆனால் இது தப்பு என்று உலகத்துக்கு முன்னால் சொல்லும் பொறுப்பு உங்களுக்கு உண்டு என்பது அவர் வாதம். மாடம் கைதட்டலில் அதிர்ந்தது.

11-க்கு 5. மசோதா ஜெயித்தது. பிப்ரவரி 16 அன்று கவர்னர் கையெழுத்திட்டார். இனி பலகை மாட்டினால் 250 டாலர் வரை அபராதம், 30 நாள் வரை சிறை. அமெரிக்கா முழுமைக்குமான குடிமை உரிமைகள் சட்டம் 1964-ல்தான் வந்தது. அலாஸ்கா அதை 19 வருஷம் முந்திவிட்டது. அப்போது அது ஒரு மாநிலம்கூட இல்லை, வெறும் ஆட்சிப்பகுதி. வெற்றி கிடைத்த அன்று இரவு, அதுவரை தங்களை ஒதுக்கிய ஜூனோ ஹோட்டலில் எலிசபெத்தும் ராயும் நடனமாடினார்கள் என்று சொல்வார்கள்.

அதன் பிறகு அதிக காலம் கிடைக்கவில்லை. மார்பகப் புற்றுநோய். 1958 டிசம்பர் 1 அன்று 47 வயதில் இறந்துபோனார். அடுத்த மாதம், 1959 ஜனவரி 3 அன்று அலாஸ்கா மாநிலமானது. அதை அவர் பார்க்கவில்லை.

வெளியுலகம் அவரை மெதுவாகத்தான் கண்டுபிடித்தது. 1988-ல் அலாஸ்கா சட்டமன்றம் பிப்ரவரி 16-ஐ எலிசபெத் பெரட்ரோவிச் தினம் ஆக்கியது. நியூயார்க் டைம்ஸ், விட்டுப்போன மனிதர்களுக்கான தன் வரிசையில் அவருக்கு அஞ்சலிக் கட்டுரை எழுதியது 2019-ல். இறந்து 60 வருஷம் கழித்து! அதற்கு அடுத்த வருஷம் கூகுள் தன் முகப்பில் அவரை வரைந்தது. கடிதம் எழுதிய அதே டிசம்பர் 30 அன்று.

2020-ல் அமெரிக்க அரசு வெளியிட்ட ஒரு டாலர் நாணயத்திலும் அவர் இருக்கிறார். அங்கே இருக்கும் உங்க ஃபிரெண்ட் யாராவது அந்த நாணயத்தைக் கொண்டுவந்தால் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்க. எலிசபெத்தின் முகத்துக்குப் பக்கத்திலேயே டிலிங்கிட் பாணியில் ஓர் அண்டங்காக்கை இருக்கும். அது அவரோட அம்மா வழிச் சின்னம்.