பாபாவின் நாணயமும் பொட்டிபுரத்தின் மலையும்

ஹோமி ஜஹாங்கீர் பாபாவின் பிறந்த நூற்றாண்டையொட்டி மத்திய அரசு வெளியிட்ட 10 ரூபாய் நினைவு நாணயம், தேனிச் சந்தையின் சில்லறையோடு எப்போதாவது என் கைக்கு வந்துசேர்கிறது. அணுசக்தித் துறையின் தந்தை என்றுதான் அவரை நாடு நினைவுகூர்கிறது. இந்தியா விண்வெளியில் எடுத்துவைத்த முதல் அடிக்கான நாணயமாகவும் அதை நான் கருதுகிறேன். விண்வெளி ஆய்வை 1961-இல் அரசு ஒப்படைத்தது அவருடைய துறையிடம்தான். மறு ஆண்டு, விக்ரம் சாராபாய் தலைமையில் விண்வெளி ஆய்வுக்கான தேசியக் குழு அத்துறையின் கீழ் உருவானது. 1963 நவம்பர் 21 அன்று தும்பாவிலிருந்து முதல் ராக்கெட் பாய்ந்தது. 1975-இல் விண்ணுக்குச் சென்ற ஆரியபட்டா செயற்கைக்கோள் பின்னர் 2 ரூபாய்த் தாளிலேயே இடம்பிடித்தது.

பாபா 1909 அக்டோபர் 30 அன்று பம்பாயில் வசதியான பார்சி குடும்பமொன்றில் பிறந்தார். பொறியியல் படித்து ஜாம்ஷெட்பூர் எஃகு ஆலையில் சேர வேண்டும் என்பது தந்தையின் விருப்பம். உறவினரான தொராப்ஜி டாட்டாவின் விருப்பமும் அதுவே. அதன்படி கேம்பிரிட்ஜில் பொறியியலை முதல் வகுப்பில் முடித்த பிறகே, தாம் விரும்பிய இயற்பியலின் பக்கம் திரும்பினார். விண்ணிலிருந்து வரும் ஆற்றல்மிக்க எலக்ட்ரான் ஒன்று வளிமண்டலத்தில் நுழைந்ததும் எவ்வாறு பலவாகப் பெருகிப் பொழிகிறது என்பதை 1937-இல் வால்டர் ஹைட்லருடன் இணைந்து விளக்கினார். அன்று முதல் காஸ்மிக் கதிர்களே அவருடைய களமாயின.

1939-இல் விடுமுறைக்கு இந்தியா வந்தவரைப் போர் இங்கேயே நிறுத்திவிட்டது. பெங்களூரில் சி.வி. ராமன் இருந்த இந்திய அறிவியல் கழகத்தில் சேர்ந்தார். காஸ்மிக் கதிர்களை ஆராய்ந்துகொண்டிருந்த இளைஞர் சாராபாயும் அப்போது அங்கிருந்தார். டாட்டா அறக்கட்டளையின் துணையோடு 1945-இல் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தைத் தொடங்கினார். ஓவியம் தீட்டுவார், மேற்கத்திய இசையில் தோய்ந்தவர், கட்டடத்துக்காக மரத்தை வெட்டச் சம்மதியாமல், வேரோடு பெயர்த்து வேறிடத்தில் நடச்செய்தவர்.

அந்த நிறுவனத்தின் ஆய்வாளர்கள் காஸ்மிக் கதிர்களைத் தேடிக் கோலார் தங்கச் சுரங்கத்துக்குள் இறங்கினார்கள். பிற துகள்களைப் பாறை தடுத்துவிடும். நியூட்ரினோ மட்டும் ஊடுருவி வரும். வளிமண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோக்களை உலகில் முதன்முதலாக 1965-இல் பதிவுசெய்த இரு குழுக்களில் ஒன்று கோலாரில் இருந்தது. சில மாதங்களில், 1966 ஜனவரி 24 அன்று, மோன் பிளாங்க் மலையில் மோதிய ஏர் இந்தியா விமானத்தில் பாபா இறந்தார். வயது 56.

கோலார் சுரங்கம் பின்னாளில் மூடப்பட்டது. அந்த ஆய்வைத் தொடர, நாற்புறமும் ஒரு கிலோமீட்டருக்குக் குறையாத பாறை சூழ்ந்த இடம் தேவைப்பட்டது. அது கம்பம் பள்ளத்தாக்கின் மேற்கு ஓரத்தில், தேவாரம் அருகேயுள்ள பொட்டிபுரத்தின் அம்பரப்பர் மலையில் கிடைத்தது. 50,000 டன் காந்தமேற்றிய இரும்பாலான உணர்கருவி அமைக்கும் திட்டத்துக்கு 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. முன்னின்றது பாபா தொடங்கிய அதே நிறுவனம்.

எதிர்ப்பு எழுந்தது. நியூட்ரினோவால் கதிர்வீச்சு பரவும் என்ற அச்சத்துக்கு அறிவியல் அடிப்படை இல்லை. அத்துகள்கள் ஒவ்வொரு நொடியும் நம் உடலைக் கடந்தபடியே இருக்கின்றன. ஆனால் பாறை உடைக்க வைக்கும் வெடி, முல்லைப் பெரியாறு அணை, பாசனத் தண்ணீர், புலிகளின் வழித்தடம் ஆகியவை பற்றிய கேள்விகளை அறியாமை என்று தள்ளிவிட முடியாது. அணுக்கழிவைப் புதைக்கத்தான் மலையைக் குடைகிறார்கள் என்ற பேச்சு எளிதில் பரவியதற்குத் திட்டத்தின் பின்னிருந்த துறையின் பெயரே போதுமானதாக இருந்தது. அந்தச் சந்தேகத்தில் பாபாவுக்கும் பங்குண்டு என்பேன். பிரதமரிடம் மட்டும் பதில் சொல்லும் துறையாக அதை வளர்த்தவர் அவர். 1948-இன் அணுசக்திச் சட்டம் அதைச் சுற்றி ரகசியத்தின் மதிலை எழுப்பியது. நேருவின் நம்பிக்கை இருந்ததால் அவர் காலத்தில் அது வேகத்தைத் தந்தது. விவசாயியின் நம்பிக்கை தேவைப்பட்ட இடத்தில் அதே மதில் குறுக்கே நின்றது.

தும்பாவில் நடந்தது வேறு. அங்கே மீனவர்களின் தேவாலயமும் குடியிருப்புகளும் ஏவுதளத்துக்குத் தேவைப்பட்டன. சாராபாய் ஆயர் பீட்டர் பெர்னார்ட் பெரேராவைச் சந்தித்துக் கேட்டார், ஆயர் பங்கு மக்களிடம் பேசினார், மக்கள் விட்டுக்கொடுத்தார்கள். புனித மரிய மதலேனாள் ஆலயம் முதல் ஆய்வுக்கூடமாயிற்று. 1972-இல் விண்வெளி தனித் துறையாகப் பிரிந்தது. இன்று ராக்கெட் ஏவுவதைக் காண ஸ்ரீஹரிகோட்டாவுக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்கிறோம். அணுசக்தித் துறையின் வாசலில் அந்த நெருக்கத்தை நான் கண்டதில்லை.

2018-இல் சுற்றுச்சூழல் அனுமதி மறுபடியும் கிடைத்தபோதும் பொட்டிபுரத்தில் பணி தொடங்கவில்லை. மதிகெட்டான் சோலைக்கும் பெரியாறுக்கும் இடையிலான புலிகள் வழித்தடத்தைச் சுட்டிக்காட்டி, இத்திட்டத்தை அனுமதிக்க இயலாது என்று 2022-இல் தமிழ்நாடு அரசு உச்ச நீதிமன்றத்தில் தெரிவித்தது.