வத்தலக்குண்டு ராஜமையர்: நகையும் சாந்தமும்

மக்கள் உள்ளம் ஒரு தன்மைத்தன்று. ஒரே வாய்க்கால் நீரை உண்டும் நெல் நெல்லாகவும், கரும்பு கரும்பாகவும், வெற்றிலைக் கொடி வெற்றிலையாகவும் வளர்தலைத் திண்டுக்கல் சமவெளியிலே நாம் நாள்தோறும் காண்கின்றோம். அங்ஙனமே ஒரே பள்ளியிற் பயின்று, ஒரே நூல்களைக் கற்று, ஒரே காலத்தில் வாழ்ந்தவர்களும் தத்தம் உள்ளத்தின் இயல்புக்கு ஏற்பவே கலைகளைப் படைக்கின்றனர். ஆதலின், எழுத்தாளராகவோ ஓவியராகவோ இசைவாணராகவோ விளங்க விழையும் மாணவர், தம் உள்ளம் எப்பாற்பட்டது என்று ஆராய்ந்தறிதல் இன்றியமையாதது.

இவ்வாராய்ச்சி நம் முன்னோர்க்குப் புதியதன்று. தொல்காப்பியர் உள்ளத்துணர்ச்சி உடலில் வெளிப்படும் முறைகளை நகை முதலாக எட்டு மெய்ப்பாடுகளாக வகுத்தார். வடநூலார் சாந்தத்தையும் கூட்டிச் சுவை ஒன்பதென்றனர். பாட்டியல் நூலோர் புலவரை ஆசு, மதுரம், சித்திரம், வித்தாரம் பாடுவோரென நால்வகைப்படுத்தினர். மேனாட்டிலோ, சுவிட்சர்லாந்து நாட்டு உளநூற் புலவர் கார்ல் யுங் என்பார் 1921-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில், புறவுலகை நோக்கி விரையும் உள்ளம் என்றும், தன்னகத்தே திரும்பும் உள்ளம் என்றும் மாந்தர் இயல்பைப் பிரித்துக் காட்டினார். எல்லா நாட்டுக் கதைகளிலும் மீண்டும் மீண்டும் தோன்றும் குறும்பர், ஞானமுதியோர், தாய், குழந்தை ஆகிய உருவங்கள் மக்கள் மனத்தின் ஆழத்தே உறையும் மூலவுருவங்கள் என்பதும் அவர் கொள்கை.

இவ்வகுப்புக்களை ஏட்டளவிற் கற்பதினும், ஒருவர் வாழ்க்கையில் வைத்துக் காண்பது நன்று. அதற்கு மிகவும் ஏற்றவர் நம் திண்டுக்கல் நாட்டிலே பிறந்து, தமிழ் நாவலின் முன்னோடிகளுள் ஒருவராய் விளங்கி, 26-ஆம் வயதிலேயே மறைந்த பி. ஆர். ராஜமையர் ஆவார்.

பிறந்த ஊர்

திண்டுக்கல்லிலிருந்து தென்மேற்கே செல்லும் சாலை பழனிமலைத் தொடரின் அடிவாரத்தை நெருங்குமிடத்தில், மஞ்சளாற்றின் அருகே அமைந்தது வத்தலக்குண்டு. கொடைக்கானல் மலைக்கு ஏறுவோர் பலர் அவ்வூரைக் கடந்தே செல்கின்றனர். முன்னாளில் மதுரை மாவட்டத்தைச் சார்ந்திருந்த அவ்வூர், 1985-ஆம் ஆண்டு முதல் திண்டுக்கல் மாவட்டத்தில் அடங்கியுள்ளது. அங்கே 1872-ஆம் ஆண்டில் ராஜமையர் பிறந்தார்.

திண்ணைப் பேச்சும், நீர்த்துறையிற் கூடும் மகளிர் உரையாடலும், திருவிழாவும், வழக்கும், கள்ளர் பயமும் நிறைந்த சிற்றூர் வாழ்க்கை அவர் கண்ணெதிரே நடந்தது. பிறர் இவற்றைக் கண்டும் காணாது சென்றனர். இளைஞர் ராஜமையரோ யார் எவ்விதம் பேசினர், எச்சொல்லை அழுத்திக் கூறினர், எதை மறைத்தனர் என்பதையெல்லாம் உள்ளத்திற் பதித்துக்கொண்டார். அவர் படைத்த கதையிலே வரும் சிறுகுளம் என்னும் ஊர், இப்பதிவின் விளைவேயாம். புறவுலகைக் கூர்ந்து நோக்கி அதன் கோணல்களிலே நகைச்சுவை காணும் திறம் அவர் உள்ளத்தின் முதற்கூறு.

கல்விப் பருவம்

மதுரையிற் கற்றபின் அவர் சென்னை சென்று கிறிஸ்தியன் கல்லூரியிற் சேர்ந்து பட்டம் பெற்றார். இக்காலத்தில் தாம்பரத்தில் விளங்கும் அக்கல்லூரி, அந்நாளில் சென்னை நகரின் நடுவே ஜார்ஜ் டவுனில் இருந்தது. ஷேக்ஸ்பியர் நாடகங்களை மனித வாழ்க்கைக்கு ஒரு வழிகாட்டியாக விளக்கிவந்த வில்லியம் மில்லர் அதன் தலைவராய் இருந்த காலம் அது. ஒரு மிஷன் கல்லூரியின் பெஞ்சியில் அமர்ந்து ஆங்கில இலக்கியத்தைப் பருகிய இளைஞர், அதே நாவினாற் கம்பரையும் தாயுமானவரையும் சுவைத்தார். இவ்விரு நீரோட்டங்களும் அவரிடத்தே ஒன்றையொன்று அழிக்கவில்லை.

பின்னர் அவர் சட்டம் பயின்றார். ஆயினும் அவருள்ளம் அத்துறையில் நிலைபெறவில்லை. வாழ்க்கையின் பொருள் யாது, துன்பத்தின் முடிவு யாது என்னும் வினாக்கள் அவரை வருத்தின. தனித்திருத்தலையும் ஆழ்ந்து சிந்தித்தலையும் அவர் விரும்பத் தொடங்கினார். தன்னகத்தே திரும்பும் நாட்டம் அவருள்ளத்தின் இரண்டாங் கூறு. நகைப்பவரும் நாடுபவரும் ஆகிய இருவர் ஓருடலிற் குடியிருந்தனர் என்று சொல்லலாம்.

கமலாம்பாள் சரித்திரம்

சென்னையில் சி. வி. சுவாமிநாதையர் நடத்திய விவேக சிந்தாமணி என்னும் மாதப் பத்திரிகையில், 1893 முதல் 1895 வரை ராஜமையரின் கமலாம்பாள் சரித்திரம் தொடர்ந்து வெளிவந்தது. எழுதத் தொடங்கியபோது அவர்க்கு வயது 21 அளவேயாகும். 1896-ஆம் ஆண்டில் அது நூலாயிற்று. ஆபத்துக்கிடமான அபவாதம் என்பது அதன் மற்றொரு பெயர்.

இக்கதையின் தொடக்கத்தில் ஆட்சி செலுத்துபவர் நகைப்பவரே. ஊர்ப்பெண்டிர் கூடி வம்பு பேசும் காட்சிகளும், அம்மையப்ப பிள்ளை என்னும் தமிழ்ப் புலவரின் தோற்றமும் படிப்போரை வயிறு குலுங்கச் சிரிக்கச் செய்வன. அம்மையப்ப பிள்ளை கற்றவர், வெள்ளை உள்ளத்தர், உலகியல் அறியாதவர். அவரைக் கண்டு நாம் நகைக்கின்றோம், ஆயினும் வெறுப்பதில்லை. யுங் கூறிய மூலவுருவங்களுள் குறும்பர்க்கு உறவினராக அவரைக் கொள்ளலாம்.

கதை வளர வளரக் காற்றுத் திசை மாறுகின்றது. முத்துஸ்வாமி ஐயர் என்னும் செல்வர், பொருளிழந்து, மனைவி கமலாம்பாள்மீது எழுந்த பழிச்சொல்லால் உள்ளம் உடைந்து, இல்லந் துறந்து திரிகின்றார். சச்சிதானந்த சுவாமிகள் என்னும் ஞானியின் அருளால் அவர் அமைதி அடைகின்றார். இங்கே ஞானமுதியோர் என்னும் மூலவுருவம் மேடையேறுகின்றது. நகையிலே தொடங்கிய நூல் சாந்தத்திலே முடிகின்றது.

முற்பகுதி உயிருள்ள கதையென்றும், பிற்பகுதி வேதாந்த விளக்கமாய்த் தளர்ந்ததென்றும் திறனாய்வாளர் பலர் குறை கூறியுள்ளனர். நூலின் இறுதியில் ராஜமையரே, கதை சொல்லுதல் தம் முதன்மையான கருத்தன்றென்றும், அலைக்கழிந்த ஓர் ஆன்மா துயர்கடந்து அமைதியுறுதலைக் காட்டுவதே தம் நோக்கமென்றும் கருத்துப்பட எழுதினார். இதனைக் கொண்டு, நகைப்பவர் வேறு, நாடுபவர் வேறு, பின்னவர் முன்னவரை வென்றார் என்று முடிவுகட்டுவாரும் உளர்.

அம்முடிபு முழுதும் பொருந்துவதன்று. முற்பகுதியிலே நம்மைச் சிரிக்கவைத்த ஊர்வம்புக்கும் பிற்பகுதியிலே ஒரு குடும்பத்தைச் சிதைத்த பழிச்சொல்லுக்கும் வேர் ஒன்றே. பொழுதுபோக்காகப் பேசிய நாக்கே நஞ்சைக் கக்கிற்று. சிறு குறைகளைக் கண்டு நகைக்கத் தெரிந்தவர்க்கன்றி, அச்சிறுமை எத்துணைப் பெருந்துயர்க்கு வித்தாகும் என்பது இவ்வளவு தெளிவாய்ப் புலப்படாது. நகைப்பவர் கண்டு கொடுத்த பொருளையே நாடுபவர் ஆராய்ந்தார். இருவரும் கைகோத்து நின்ற இடங்களிலே நூல் உயர்ந்து நிற்கின்றது; ஒருவர் மற்றவரை விலக்கித் தனித்துப் பேசும் இடங்களிலேதான் அது தளர்கின்றது.

ஒரு கல்லூரி, இரு வேறு உள்ளம்

ராஜமையர் பிறந்த அதே 1872-ஆம் ஆண்டில் திருநெல்வேலிச் சீமையிலே பெருங்குளத்திற் பிறந்தவர் அ. மாதவையர். அவரும் சென்னைக் கிறிஸ்தியன் கல்லூரியிற் பயின்றார். அவரும் விவேக சிந்தாமணியில் எழுதினார். 1898-இல் பத்மாவதி சரித்திரம் என்னும் நாவலை வெளியிட்டார். ஆண்டு ஒன்று, கல்லூரி ஒன்று, பத்திரிகை ஒன்று, இலக்கிய வகையும் ஒன்று. எனினும் இருவர் உள்ளமும் வேறு.

மாதவையர் சீர்திருத்தம் நாடியவர். இளமை மணத்தையும் கைம்பெண்டிர் துயரையும் பெண்கல்வியின்மையையும் கண்டு வெகுண்டு, உலகை மாற்றவேண்டுமென எழுதினார். அரசாங்க உப்பு இலாகாவிற் பணியாற்றிக்கொண்டே பேனாவைப் போர்க்கருவியாக்கினார். 1925-ஆம் ஆண்டில் சென்னைப் பல்கலைக்கழகச் செனெட் சபையில், பட்டப்படிப்பிலே தமிழுக்கு உரிய இடம் வேண்டுமென்று பேசிய அன்று, அவ்விடத்திலேயே உயிர் நீத்தார். ராஜமையரோ, உலகை மாற்றுதலினும் உலகைக் காண்பவன் உள்ளம் மாறுதலே தேவையென்று கருதினார். தொல்காப்பியர் வகுப்பின்படி முன்னவரிடம் வெகுளியும் பெருமிதமும் ஓங்கின. பின்னவரிடம் நகை ஓங்கிச் சாந்தத்தில் ஒடுங்கிற்று. இருவருள் யார் உயர்ந்தார் என்று வினவுதல் வீண். தன் இயல்பை மறைத்து மற்றவர் இயல்பை மேற்கொண்டிருப்பின், இருவருமே சிறந்திரார் என்பதொன்றே உறுதி.

ஆங்கிலப் பத்திரிகை

1896-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில், சுவாமி விவேகானந்தரின் ஊக்கத்தால் அவருடைய சென்னை அன்பர்கள் பிரபுத்த பாரதம் என்னும் ஆங்கில மாதப் பத்திரிகையைத் தொடங்கினர். அதன் ஆசிரியர் பொறுப்பு 24 வயதினரான ராஜமையரிடம் ஒப்படைக்கப்பட்டது. அவர் கதை வாயிலாகவும் கட்டுரை வாயிலாகவும் வேதாந்தத்தை இளைஞர்க்கு எளிதாக்கினார். பத்திரிகையின் பெரும்பகுதியை அவரே பல புனைபெயர்களில் எழுதினார். ஒரு பெயரில் ஆராய்ச்சியாளராகவும், மற்றொரு பெயரில் கதைசொல்வோராகவும், பிறிதொன்றில் துறவியாகவும் தோன்றினார். ஓருள்ளத்தே பலர் உறைகின்றனர் என்பதற்கு இதனினும் கண்கூடான சான்று வேண்டுமோ?

தமிழ்க்கதை எழுதுதலை அவர் கைவிட்டது தமிழுக்குப் பேரிழப்பேயாம். இதனை மறைத்தல் பொருந்தாது. கமலாம்பாளுக்குப் பின் வேறொரு தமிழ் நாவல் அவரிடமிருந்து நமக்குக் கிடைக்கவில்லை. ஆயினும் அவர் உள்ளத்திலிருந்த கதைஞர் மறைந்தொழியவில்லை. ஆங்கிலத்திலே வாசுதேவ சாஸ்திரி என்பாரின் கதையை அவர் தொடங்கினார். தத்துவம் கூறவந்த பத்திரிகையிலேயும் அவர் கை மனிதரையே வரைந்தது. பிறவியில் அமைந்த நாட்டத்தை ஒருவர் துறந்துவிட எண்ணினும், அது வேறு ஆடையணிந்து வாயிலில் வந்து நிற்கும்.

முடிவு

அக்கதை முற்றுப்பெறுமுன், 1898-ஆம் ஆண்டு மே மாதம் 13-ஆம் நாள், நோய்வாய்ப்பட்டிருந்த ராஜமையர் மறைந்தார். ஆசிரியரை இழந்த பத்திரிகை சென்னையில் நின்றுவிட்டது. அவ்வாண்டு ஆகஸ்டுத் திங்களில் இமயமலைச் சாரலில் உள்ள அல்மோராவிலிருந்து மீண்டும் வெளிவரத் தொடங்கிற்று. இன்றளவும் நடைபெற்று வருகின்றது. அவருடைய ஆங்கிலக் கட்டுரைகள், வேதாந்தத்தில் உலாவுதல் என்று பொருள்படும் தலைப்பில் 1905-ஆம் ஆண்டில் ஒரு தொகுதியாக வெளிவந்தன.

அவர் பிறந்த வத்தலக்குண்டும் வறண்டுவிடவில்லை. மணிக்கொடியைச் சிறுகதைப் பத்திரிகையாக நடத்திய பி. எஸ். ராமையா 1905-இல் அவ்வூரிற் பிறந்தார். வாடிவாசல் எழுதியவரும், எழுத்து என்னும் பத்திரிகையை நடத்தியவருமான சி. சு. செல்லப்பா அவ்வூரில் வளர்ந்தவர். ஒரு மண்ணில் மூவர். மூவர்க்கும் மூவேறு உள்ளம்.

நாம் அறிய வேண்டுவது

இவ்வாழ்க்கையிலிருந்து மாணவர் அறிதற்குரியன இரண்டு. தம் உள்ளத்தில் ஓங்கிய இயல்பு யாதெனத் தேர்தல் முதலாவது. எதைக் கண்டால் நம் கண் தானாக நிற்கின்றது, எதைக் கேட்டால் நம் செவி விழிக்கின்றது, தனித்திருக்கும்போது மனம் எங்கே செல்கின்றது என்று ஆராய்ந்தால் அது புலப்படும். பிறர் புகழ்கின்றனர் என்பதற்காக நகைச்சுவையாளர் தத்துவ வேடமும், அமைதியாளர் ஆரவார வேடமும் புனைதல் கலைக்கு ஊறு செய்யும்.

இரண்டாவது, அவ்வியல்பிற்கு ஒரு பெயரிட்டவுடன் ஆராய்ச்சி முடிந்ததென்று ஓய்ந்துவிடாமை. நான் இன்ன வகையினன், ஆதலின் இன்னதே எழுதுவேன் என்போர், தம் உள்ளத்துக்குத் தாமே வேலியிட்டுக்கொள்வர். வகுப்புக்கள் உள்ளத்திலே தொழிற்படும் ஆற்றல்களின் பெயர்களேயன்றி, மனிதர் நெற்றியிற் பொறிக்கும் முத்திரைகளல்ல. ஓங்கிய இயல்புக்கு எதிரானது போலத் தோன்றும் மற்றோரியல்பையும் துணைக்கழைத்துக்கொள்ளும்போதே படைப்பு ஆழம் பெறுகின்றது.

இருபத்தாறு ஆண்டுகளில் ராஜமையர் தம்முள் இருந்த இருவரையும் பேசவிட்டார். அவ்விருவரும் முற்றும் ஒன்றுகூடி எழுதியிருக்கக்கூடிய அடுத்த நூலை எழுதக் காலம் அவர்க்கு இடங்கொடுக்கவில்லை. நமக்கு அளிக்கப்பட்ட காலம் எத்துணை என்று அறிவார் யாருமிலர். ஆதலின், நம்மை நாம் அறிதலையும் நமக்குரிய பணியைத் தொடங்குதலையும் நாளைக்கென்று ஒத்திவையாதிருப்போமாக. ராஜமையர் திருப்பெயர் திண்டுக்கல் நாட்டில் என்றும் நிலவுக!