சர் மால்கம் வாட்சன்

ஒரு காலத்தில் மலாக்கா மாநிலத் தோட்டங்களிலும் நாட்டின் பிற தோட்டங்களிலும் மலேரியாக் காய்ச்சல் நம் முன்னோர் பலரைப் பலிகொண்டது. அக்கொடிய நோயைக் கணக்கின் துணைகொண்டு எதிர்த்த மருத்துவரின் வரலாற்றை நாம் அறிதல் நன்று.

1873ஆம் ஆண்டு ஸ்காட்லாந்தில் பிறந்த வாட்சன், மருத்துவம் பயின்று 1900ஆம் ஆண்டு மலாயாவுக்கு வந்தார். மறு ஆண்டு கிள்ளானில் அரசாங்க மருத்துவராகப் பொறுப்பேற்றார். மலேரியாவைக் கொசுவே பரப்புகிறது என்பதை ரொனால்ட் ராஸ் அதற்குச் சில ஆண்டுகள் முன்னர் இந்தியாவில் கண்டறிந்திருந்தார். ஆதலால் வாட்சன் சதுப்பு நீரை வடியச் செய்தார். காட்டை வெட்டச் செய்தார்.

கிள்ளானிலும் அதன் துறைமுகத்திலும் 1901இல் காய்ச்சலால் 368 பேர் மாண்டனர். 1902இல் மாண்டவர் 59 பேரே. அத்துடன் அவர் நிறைவடையவில்லை. வடிகால் வெட்டப்படாத சுற்றுப்புறங்களின் சாவுகளையும் எண்ணினார். அங்கு அத்தகைய குறைவு காணப்படவில்லை. உயிர்களைக் காத்தது வடிகாலே என்பது ஐயமற விளங்கிற்று.

பின்னர்த் தோட்டங்கள்தோறும் சென்று, சிறுவர் சிறுமியரின் வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். நூற்றுக்கு எத்தனை பேருக்கு மண்ணீரல் வீங்கியுள்ளது எனக் கணக்கிட்டார். எத்தோட்டத்தில் நோய் மிகுதி என்பதை அக்கணக்கே காட்டியது. குன்றுப் பகுதிகளில் காடழித்தபின் நோய் பெருகியதையும் அவர் கண்டார். வெயில்படும் ஓடைகளில் வேறு வகைக் கொசு வளர்ந்ததே அதற்குக் காரணம்.

இவற்றையெல்லாம் 1911இல் நூலாக எழுதி, பிற மருத்துவர்களும் கற்குமாறு செய்தார். 1924இல் சர் பட்டம் பெற்ற அவர் 1955இல் மறைந்தார்.

நாம் வகுப்பில் பயிலும் விழுக்காடு உயிர் காக்கவும் உதவும். கணக்கைக் கருத்துடன் கற்போமாக!