சோஜிலாவில் டாங்கி ஏற்றிய தளபதி

புதுடில்லி: போர்க்களத்தில் இருமுறை மகாவீர் சக்ரா பெற்று, பின் லோக்சபாவிலும் இருமுறை அமர்ந்தவர், மறைந்த மேஜர் ஜெனரல் ராஜிந்தர் சிங். 'ஸ்பாரோ' என்ற பெயராலேயே அவர் அறியப்பட்டார்.

1948ல் சோஜிலா கணவாய் பாகிஸ்தான் தரப்பின் வசமானதால், காஷ்மீரிலிருந்து லே நகருக்குச் செல்லும் தரைவழி அடைபட்டது. செப்டம்பரில் நமது காலாட்படை நடத்திய தாக்குதல்கள் பலனளிக்கவில்லை. குளிர்காலத்துக்குள் கணவாயை மீட்காவிடில் லே பறிபோகும் அபாயம் எழுந்தது.

7வது லைட் கேவல்ரியின் தளபதியாக இருந்த ராஜிந்தர் சிங், ஸ்டூவர்ட் ரக டாங்கிகளின் மேல்பகுதியைக் கழற்றி, ரகசியமாக ஸ்ரீநகர் வழியே கொண்டு சென்றார். குறுகிய மலைப்பாதையை டாங்கிகள் ஏறும் வகையில் செப்பனிட்டவர்கள் மதராஸ் சாப்பர்ஸ் வீரர்கள். நவம்பர் 1ம் தேதி, 11,500 அடி உயரத்தில் டாங்கிகளைக் கண்ட எதிரிப் படை நிலைகுலைந்தது. அம்மாதத்திலேயே லே பாதை மீட்கப்பட்டது.

1965 போரில் முதலாவது கவச டிவிஷனுக்குத் தலைமையேற்று, சியால்கோட் முனையில் பில்லோராவைக் கைப்பற்றினார்.

காங்கிரஸ் சார்பில் ஜலந்தர் தொகுதியில் 1980ல் வென்ற அவர், 1985 செப்டம்பரில் மீண்டும் களமிறங்கினார். அகாலி தலைவர் லோங்கோவால் சுட்டுக் கொல்லப்பட்டு ஒரு மாதமே ஆகியிருந்தது. தீவிரவாதிகளின் மிரட்டலை மீறி மக்கள் திரண்டு வாக்களித்த அத்தேர்தலிலும் தளபதி வெற்றி பெற்றார்.