மரணங்களை எண்ணியவர்: வில்லியம் ஃபார்

ஒருவர் எந்த நோயால் இறந்தார் என்பதை வைத்தியரால் உறுதியாகச் சொல்ல இயலாத வேளையிலும், ஒரு நகரில் வழமைக்கு மேலாக எத்தனைபேர் இறந்திருக்கிறார்கள் என்பதைச் சொல்ல இயலும். 2020ஆம் ஆண்டில் கொரோனா நோய் உலகைச் சூழ்ந்தபோது, பரிசோதனைக் கருவிகள் போதாதிருந்த நாடுகளில் அழிவின் அளவை மதிப்பிட ஆய்வாளர்கள் பெரிதும் நம்பியது இந்தக் கணக்கைத்தான். இதனை ஓர் அரசாங்க அலுவலகத்தின் அன்றாட வேலையாக்கிக் காட்டியவர் வில்லியம் ஃபார். தண்ணீர்ப் பம்பியின் கைப்பிடியைக் கழற்றுவித்த ஜோன் சினோவின் கதையைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவர். சினோவுக்குக் கணக்கு வழங்கிய மனிதரை அறிந்தவர் குறைவு.

ஃபார் 1807 நவம்பர் 30ஆம் திகதி, இங்கிலாந்தின் சிறொப்சயர் பகுதியிலுள்ள கென்லி என்ற சிற்றூரில் ஏழைப் பெற்றோருக்குப் பிறந்தார். ஊர்ப் பெரியவர் ஒருவர் அவரைத் தம் பொறுப்பில் வளர்த்துப் படிக்கவைத்தார். அவர் 1828இல் இறந்தபோது விட்டுச்சென்ற 500 பவுண் கொண்டே ஃபார் பாரிஸ் சென்று மருத்துவம் பயின்றார். நோயாளரை எண்ணிக் கணக்கிட்டு மருந்தின் பயனை அறியவேண்டும் என்ற புதிய கொள்கை அந்நாளில் அங்கு வேரூன்றிக்கொண்டிருந்தது. இலண்டன் திரும்பி அப்போதிக்கரிகள் சங்கத்தின் அனுமதிப்பத்திரம் பெற்றுத் தொழில் தொடங்கினார். 1837இல் இளம் மனைவி காசநோயால் இறந்தார். அதே ஆண்டில் மக்கட்தொகைப் புள்ளிவிபரம் குறித்து அவர் எழுதிய நீண்ட கட்டுரையே அவருக்கு அரச உத்தியோகத்தின் வாயிலைத் திறந்தது எனலாம்.

இங்கிலாந்திலும் வேல்சிலும் பிறப்பு, இறப்பு, விவாகப் பதிவு 1837 ஜூலையில் ஆரம்பமாகியிருந்தது. பதிவாளர் நாயகத்தின் அலுவலகத்தில் 1839ஆம் ஆண்டு சேர்ந்த ஃபார், 40 ஆண்டுகள் அங்கேயே பணியாற்றினார். ஒரே நோயை ஒரு வைத்தியர் ஒரு பெயராலும் இன்னொருவர் வேறு பெயராலும் எழுதிவந்த காலம் அது. நோய்களுக்கு ஒரு சீரான பெயர்ப்பட்டியலை வகுத்து, எல்லோரும் அதன்படியே எழுதவேண்டும் என்று அவர் வற்புறுத்தினார். 1840இலிருந்து இலண்டனின் மரணங்கள் வாரந்தோறும் தொகுக்கப்பட்டு அச்சில் வெளியாயின. பத்திரிகைகள் அதனைப் பிரசுரித்தன. ஆண்டு முடிவில் வரும் அறிக்கை செத்தவர்களின் வரலாறாக மட்டுமே இருக்கும் என்பதை ஃபார் நன்குணர்ந்திருந்தார்.

1847ஆம் ஆண்டின் இறுதியில் இன்புளுவென்சா இலண்டனைத் தாக்கியது. அந்த நோயின் பெயரால் பதிவான மரணங்கள் ஒரு பகுதியே. நெஞ்சுச் சளி, நுரையீரல் அழற்சி, முதுமை என்ற பெயர்களிலும் அதே வாரங்களில் சாவு பெருகியிருந்தது. ஃபார் பெயர்களை ஒருபுறம் ஒதுக்கிவைத்து, அப்பருவத்தில் வழமையாக எத்தனைபேர் இறப்பார்கள் என்று முதலில் கணித்தார். அதற்கு மேலாக ஏறத்தாழ 5,000 உயிர்கள் சில வாரங்களிற் போயிருந்தன. இன்று அறிகுறிசார் கண்காணிப்பு எனப்படுவது இதே தருக்கத்தில்தான் இயங்குகிறது. ஆய்வுகூட முடிவு வரும்வரை காத்திராது, காய்ச்சல், இருமல், வயிற்றோட்டம் என்று அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வருவோர் சொல்லும் முறைப்பாடுகளை நாள்தோறும் எண்ணி, வழமையோடு ஒப்பிடுகிறார்கள். 2001ஆம் ஆண்டின் தாக்குதலுக்குப் பின் நியூயோர்க் நகரம் இதனைப் பெருமளவில் மேற்கொண்டது. 2012 ஒலிம்பிக் விளையாட்டின்போது இலண்டனும் இதனை நம்பியிருந்தது.

ஃபார் பிழைவிடாதவர் அல்லர். 1848-49இல் வந்த கொலரா இங்கிலாந்திலும் வேல்சிலும் 53,000க்கு மேற்பட்டோரைக் கொன்றது. தேம்ஸ் நதிமட்டத்திலிருந்து நிலம் உயர உயர மரண விகிதம் குறைவதைக் கண்ட ஃபார், நதியோரத்து நச்சுக் காற்றே காரணம் என்று முடிவுசெய்தார். எண்கள் சரியாக இருந்தன, விளக்கம் தவறாயிற்று. தாழ்ந்த இடத்தார் அசுத்தமான தேம்ஸ் நீரையே குடித்தனர் என்பது அவருக்கு அப்போது புலப்படவில்லை.

ஆயினும் தம் கொள்கைக்கு எதிரான கருத்துடைய சினோவிடமிருந்து அவர் கணக்கை மறைக்கவில்லை. இறந்தவர்களின் முகவரிகளைக் கொடுத்துதவினார். 1854இல் சினோ தென் இலண்டனில் வீடுவீடாகச் சென்று, எந்தக் கம்பனியின் நீர் எங்கே பாய்கிறது என்று விசாரித்தார். கொள்ளைநோயின் முதல் நான்கு வாரங்களில் இறந்த 334 பேரில் 286 பேர் சவுத்வார்க் அன்ட் வொக்ஸ்ஹோல் கம்பனியின் நீரைப் பெற்றவர்கள். தேம்சின் மேற்பகுதியிலிருந்து நீர் எடுத்த லாம்பெத் கம்பனியின் நீரைப் பெற்றவர்கள் 14 பேரே. இதனைக் கண்ட ஃபார், அப்பகுதியின் ஒவ்வொரு கொலரா மரணத்தோடும் வீட்டுக்கு நீர் வழங்கிய கம்பனியின் பெயரையும் குறிக்குமாறு பதிவாளர்களுக்குப் பணித்தார். எமக்கு மிகவும் மதிப்புக்குரியதாகத் தோன்றுவது இச்செயலே. தாம் நம்பாத ஒரு கருத்தைச் சோதிப்பதற்குத் தம் படிவத்தில் இடம் ஒதுக்கும் அதிகாரிகளை நாம் அதிகம் கண்டதில்லை.

1866இல் கொலரா மீண்டும் வந்தபோது சினோ உயிரோடு இல்லை. வாராந்த அட்டவணையை நோக்கிய ஃபார், மரணங்கள் கிழக்கு இலண்டனில், ஒரே கம்பனி நீர் வழங்கிய பகுதிகளில் குவிந்திருப்பதைக் கண்டார். வடிகட்டாத நீரைத் தாம் வழங்கவேயில்லை என்று கம்பனியின் பொறியியலாளர் பத்திரிகைக்கு எழுதினார். ஆனால் பாவனையாளர் சிலரின் குழாய்களில் விலாங்கு மீன்கள் அகப்பட்டிருந்தன! வடிகட்டியைக் கடந்து விலாங்கு வருமா? ஓல்ட் ஃபோர்ட் என்ற இடத்தில், லீ ஆற்றோரம் திறந்து கிடந்த தேக்கத்தின் நீர் கலந்திருந்தது பின்னர் வெளிவந்தது. அந்த ஆண்டு இலண்டனில் 5,500க்கு மேற்பட்டோர் மாண்டனர். அதுபற்றிய அறிக்கையில் ஃபார் நீரே காரணம் என்று எழுதி, தம் பழைய கொள்கையை விட்டு விலகினார்.

அதே 1866இல் கால்நடைகளைக் கொள்ளைநோய் வாரிக்கொண்டிருந்தது. நாடே பீதியுற்றிருக்க, நோய் விரைவில் உச்சத்தைத் தொட்டு இறங்கும் என்று ஃபார் கணித்துப் பத்திரிகையில் எழுதினார், அவ்வாறே இறங்கியது. கொள்ளைநோய் ஒழுங்கான வளைகோட்டில் ஏறி இறங்கும் என்ற இக்கணிப்பு அவர் பெயராலேயே வழங்குகிறது. அமெரிக்காவில் நோய்க்கண்காணிப்பை வளர்த்த அலெக்சாண்டர் லாங்மியூர் ஃபாரைப் பெரிதும் போற்றியவர். அவரும் இன்னொருவரும் 1990இல் இவ்விதியை எயிட்ஸ் நோய்க்குப் பொருத்தி, அமெரிக்காவில் ஏறத்தாழ 2 இலட்சம் பேரோடு அது அடங்கும் என்று கணித்தனர். 1995ஆம் ஆண்டளவில் அந்த எண்ணிக்கை 5 இலட்சத்தைத் தாண்டிவிட்டது.

எனவேதான் இத்துறையின் ஆய்வாளர்கள் இன்றும் சில கேள்விகளை விட்டபாடில்லை. எதனை வழமை என்று கொள்வது? எத்தனை பொய் எச்சரிக்கைகளைப் பொறுத்துக்கொள்ளலாம்? எச்சரிக்கை கிடைத்தபின் எவர் என்ன செய்கிறார்? இவற்றினும் எமக்கு நெருக்கமான கேள்வி ஒன்றுண்டு: கணக்கில் வராதவர் யார்? ஃபார் தொகுத்த ஏட்டில் சேரிவாசியின் சாவும் முகவரியோடு இடம்பெற்றது. அவசர சிகிச்சைப் பிரிவின் கணினியிலோ அங்கு வருபவர் மட்டுமே இடம்பெறுவர். விசாரணை முடியாத அகதி விண்ணப்பத்தோடு இருப்பவர், பெயரும் விலாசமும் குடிவரவு அலுவலகத்துக்குப் போய்விடுமோ என்றஞ்சிக் காய்ச்சலோடு அறைக்குள் கிடப்பது நாம் அறியாததல்ல. அத்தகையோர் பலர் ஒரே தெருவில் நோயுற்றாலும் அந்தத் தெரு வழமைபோலவே தோன்றும். மரண அத்தாட்சிப் பத்திரம் இன்றியே உறவுகளை இழந்துவந்த குடும்பங்களுக்கு, பதிவில்லாத சாவு எத்தகையது என்று நாம் விளக்கவேண்டியதில்லை.

1879இல் பதிவாளர் நாயகம் ஜோர்ஜ் கிரகாம் ஓய்வுபெற்றார். அப்பதவி ஃபாருக்கே உரியது என்று பலரும் எண்ணியிருந்தனர். படைவீரர் மரணங்களை ஆராய அவரோடு உழைத்த புளோரன்ஸ் நைற்றிங்கேலும் அவர் அருமையை அறிந்தவர். பதவியோ சேர் பிரிட்ஜஸ் ஹெனிக்கர் என்ற பிரபுவுக்குப் போயிற்று. ஃபார் பணியிலிருந்து விலகினார். உடலும் உள்ளமும் தளர்ந்த நிலையில் 1883 ஏப்ரல் 14ஆம் திகதி இலண்டனில் காலமானார். அந்த வாரத்து இலண்டன் மரணங்களும் அவர் தொடங்கிவைத்த அட்டவணையில் வழமைபோல் அச்சாகி வெளிவந்தன.