உலகக் கோப்பை வாங்கித் தந்த மானேஜர்

1953 நவம்பர் 25. லண்டன் வெம்பிளி மைதானத்தில் ஒரு லட்சம் பேர் கூடியிருந்தார்கள். ஐரோப்பாக் கண்டத்திலிருந்து வந்த எந்த அணியும் அதுவரை அங்கே இங்கிலாந்தை ஜெயித்ததில்லை. அன்று ஹங்கேரி வந்தது. 6 கோல் போட்டது! இங்கிலாந்து போட்டது 3. அதில் ஒன்று பெனால்டி. அதை உதைத்தவர் பின்வரிசை ஆட்டக்காரர் ஆல்ப் ராம்சே. அப்போது அவருக்கு வயது 33. அதற்குப் பிறகு நாட்டு அணியில் ஆட அவரை யாரும் கூப்பிடவில்லை.

அந்த ராம்சேதான் பின்னால் இங்கிலாந்துக்கு உலகக் கோப்பையை வாங்கித் தந்தார்.

லண்டனை அடுத்த டேகன்ஹாமில் 1920-ம் ஆண்டு பிறந்தவர் அவர். சிறு வயதில் மளிகைக் கடையில் வேலை. சைக்கிளில் வீடு வீடாகச் சாமான் கொண்டுபோய்க் கொடுப்பார். யுத்தம் வந்தது, பட்டாளத்துக்குப் போனார். பட்டாளத்தில் ஆடிய கால்பந்து அவரை சவுதாம்ப்டன் சங்கத்தில் சேர்த்தது. 1949-ல் டாட்டன்ஹாம் சங்கம் 21 ஆயிரம் பவுன் கொடுத்து அவரை வாங்கியது. 1951-ல் அந்தச் சங்கம் முதல் டிவிஷன் பட்டம் பெற்றது. ராம்சே வேகமாக ஓடக்கூடியவர் அல்ல, மூளையால் ஆடியவர். கூட ஆடியவர்கள் அவரைத் தளபதி என்றே அழைத்தார்கள்.

1955-ல் இப்ஸ்விச் சங்கத்துக்கு மானேஜர் ஆனார். அது அப்போது மூன்றாவது டிவிஷனில் இருந்தது. பெரிய பெயர் எடுத்த ஆட்டக்காரர்கள் அங்கே கிடையாது. 1961-ல் முதல் தடவையாக முதல் டிவிஷனுக்கு ஏறியது. மறு வருஷமே பட்டம்! நாடே மூக்கில் விரலை வைத்தது.

உடனே இங்கிலாந்து அணிக்குக் கூப்பிட்டார்கள். அதுவரை ஆட்டக்காரர்களைப் பொறுக்கியது ஒரு கமிட்டி. கமிட்டி வேண்டாம், நானே பொறுக்குவேன் என்றார் ராம்சே. சம்மதித்தார்கள்.

1966 உலகக் கோப்பை. கோல் போடுவதில் மன்னர் கிரீவ்ஸ் காலில் அடிபட்டு வெளியேறினார். அவர் இடத்துக்கு ஹர்ஸ்ட் வந்தார். இறுதி ஆட்டத்துக்குள் கிரீவ்ஸின் கால் தேறிவிட்டது. ஆனால் ராம்சே ஹர்ஸ்டை மாற்றவில்லை. தோற்றிருந்தால் ஊர் அவரைச் சும்மா விட்டிருக்குமா?

ஜூலை 30. எதிரி மேற்கு ஜெர்மனி. இங்கிலாந்து 2-1 என்று முன்னால் நின்றது. கடைசி நிமிஷத்தில் ஜெர்மனி ஒரு கோல் போட்டுச் சமன் செய்தது. கூடுதல் நேரம். ஜெர்மானியர்கள் களைத்துப் புல்லில் உட்கார்ந்தார்கள். ராம்சே தம் ஆட்களை உட்கார விடவில்லை. இங்கிலாந்து 4-2 என்று வென்றது. ஹர்ஸ்ட் மட்டும் 3 கோல்! பக்கத்தில் இருந்தவர்கள் எல்லாம் துள்ளிக் குதித்தார்கள். ராம்சே அசையாமல் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தார்.

1967-ல் சர் பட்டம் கிடைத்தது. 1970-ல் அதே ஜெர்மனியிடம் 2 கோல் முன்னால் இருந்தும் தோற்றார்கள். 1973 அக்டோபரில் போலந்துடன் 1-1. அதனால் அடுத்த உலகக் கோப்பைக்கு இங்கிலாந்து போகவே முடியவில்லை. 1974-ல் அவரை வேலையிலிருந்து நீக்கினார்கள். அவர் நடத்திய 113 ஆட்டங்களில் தோல்வி 17 தான்!

1999-ல் இப்ஸ்விச்சில் காலமானார்.

1966-ல் இறுதி ஆட்டம் ஆடிய 11 பேருக்குத்தான் பதக்கம் கொடுத்தார்கள். மற்றவர்களுக்கு 2009-ல்தான் வந்தது. அப்போது ராம்சே இறந்து பத்து வருஷம் ஆகியிருந்தது.