வாஞ்சிநாதன் கையில் இருந்தது ரிவால்வரா? மணியாச்சி துப்பாக்கி சொல்லும் கதை

பள்ளி மாறுவேடப் போட்டியில் வாஞ்சிநாதன் வேஷம் போட மூன்று பொருள் போதும். வேட்டி, குடுமி, துப்பாக்கி. முதல் இரண்டில் யாரும் தப்பு செய்வதில்லை. மூன்றாவதில்தான் எல்லாரும் சறுக்குகிறார்கள்.

கடையில் கிடைக்கும் பொம்மைத் துப்பாக்கியைக் கவனித்திருக்கிறீர்களா? நீளமான குழல், நடுவில் சுழலும் உருளை, பின்னால் கட்டை விரலால் இழுக்கும் ஹேமர். 1873-ல் அமெரிக்க ராணுவத்துக்காக கோல்ட் கம்பெனி செய்த சிங்கிள் ஆக்‌ஷன் ரிவால்வரின் சாயல் அது. நம்ம ஊர் தீபாவளி பொட்டுவெடி துப்பாக்கியும் அதன் பேரப்பிள்ளைதான். டெக்ஸ் வில்லர் காமிக்ஸில் வருவது அது. ஜெய்சங்கரின் 'கங்கா' தொடங்கி 'இரும்புக்கோட்டை முரட்டு சிங்கம்' வரை குதிரையில் வருபவர்கள் இடுப்பில் தொங்குவதும் அதுதான். துப்பாக்கி என்றதும் தமிழ் மனசில் அந்த உருவம் வந்து நிற்பதில் ஆச்சரியம் இல்லை.

ஆனா, 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி ரயில் நிலையத்தில் வெடித்தது அது இல்லை. உருளையே இல்லாத, சட்டைப் பைக்குள் தட்டையாக அடங்கக்கூடிய, பெல்ஜியத்தில் தயாரான பிரவுனிங் தானியங்கி பிஸ்டல். அன்றைய கணக்கில் புத்தம்புது தொழில்நுட்பம்.

இதெல்லாம் ஒரு விஷயமா என்று கேட்கலாம். விஷயம்தான். பழைய ரிவால்வரைக் கையில் கொடுத்தால், கோபத்தில் எதையோ எடுத்துக்கொண்டு தனியாகக் கிளம்பிய இளைஞராக வாஞ்சி தெரிவார். பிரவுனிங்கைக் கொடுத்தால் வேறு கேள்வி வரும். காட்டிலாகாவில் வேலை பார்த்த ஒரு 25 வயதுக்காரருக்கு ஐரோப்பாவில் செய்த புது மாடல் துப்பாக்கி எப்படிக் கிடைத்தது?

செங்கோட்டை பையன்

1886-ல் செங்கோட்டையில் பிறந்தார். பெற்றோர் ரகுபதி அய்யர், ருக்மணி அம்மாள். வைத்த பெயர் சங்கரன். வாஞ்சி என்பது கூப்பிட்ட பெயர். மனைவி பொன்னம்மாள். புனலூரில் திருவிதாங்கூர் அரசின் காட்டிலாகா வேலை. செங்கோட்டையிலிருந்து மலையைக் குடைந்து புனலூர் வழியாகக் கொல்லம் போகும் ரயில் பாதை 1904-ல்தான் திறந்திருந்தது.

இங்கே ஒரு சின்ன விஷயத்தைப் பலரும் தவறவிடுகிறார்கள். செங்கோட்டை அப்போது திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. தமிழ்நாட்டோடு சேர்ந்ததே 1956-ல்தான். அதாவது, திருநெல்வேலி கலெக்டர் ஆஷ் வாஞ்சியின் ஊருக்குக் கலெக்டர் இல்லை. வாஞ்சிக்குச் சம்பளம் கொடுத்ததும் பிரிட்டிஷ் சர்க்கார் இல்லை. ஆஷோடு அவருக்குத் தனிப்பட்ட தாவா இருந்ததாக எந்தத் தடயமும் இல்லை.

அப்படியென்றால் பகை எங்கிருந்து வந்தது? தூத்துக்குடி துறைமுகத்திலிருந்து.

முத்துக்கும் உப்புக்கும் பேர் போன அந்தக் கரையில், கொழும்புக்குப் போகும் கப்பல் வியாபாரம் பிரிட்டிஷ் இந்தியா கம்பெனி கையில் இருந்தது. 1906-ல் வ.உ.சிதம்பரனார் சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனியைப் பதிவு செய்தார். காலியா, லாவோ என்று இரண்டு கப்பல்கள் வந்தன. வெள்ளைக்காரக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்து மோதியது. 1908 பிப்ரவரி கடைசியில் கோரல் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள், வ.உ.சி-யும் சுப்பிரமணிய சிவாவும் அவர்கள் பக்கம் நின்றார்கள். மார்ச் 12-ல் இருவரும் கைது. மறுநாள் திருநெல்வேலி கொந்தளித்தது. போலீஸ் சுட்டதில் நான்கு பேர் இறந்தார்கள். ஜூலையில் நீதிபதி பின்ஹே வ.உ.சி-க்கு இரட்டை ஆயுள் தண்டனை கொடுத்தார். பிறகு மேல்முறையீட்டில்தான் அது குறைந்தது. கம்பெனி 1911-ல் மூடுவிழா கண்டது.

இதெல்லாம் நடந்தபோது தூத்துக்குடியில் ஜாயின்ட் மாஜிஸ்திரேட்டாக இருந்தவர் ராபர்ட் வில்லியம் ஆஷ். அயர்லாந்துக்காரர், 1872-ல் பிறந்தவர். உள்ளூர்க்காரர்கள் கண்ணில் அரசாங்கத்துக்கு ஒரு முகம் இருந்தது என்றால் அது ஆஷின் முகம். 1910 ஆகஸ்டில் மாவட்டத்துக்கே கலெக்டராகத் திரும்பி வந்தார்.

அதே 1910-ல் நீலகண்ட பிரம்மச்சாரி என்ற இளைஞர் தென்பகுதி ஊர்களில் சுற்றி, பாரத மாதா சங்கம் என்ற ரகசிய அமைப்புக்கு ஆள் சேர்த்துக்கொண்டிருந்தார். தென்காசியில் காளி படத்துக்கு முன்னால் விரலைக் கீறி ரத்தத்தால் சத்தியம் செய்ததாகப் பின்னாளில் வழக்கில் சாட்சியங்கள் வந்தன. வாஞ்சி உள்ளே வந்தது இந்த வழியில்தான்.

பெல்ஜியம் டு புதுச்சேரி

இப்போது துப்பாக்கிக்கு வருவோம்.

சிங்கிள் ஆக்‌ஷன் ரிவால்வரில் ஒவ்வொரு குண்டுக்கும் முன்னால் ஹேமரைக் கையால் பின்னுக்கு இழுக்க வேண்டும். இழுக்கும்போது உருளை சுழன்று அடுத்த குண்டு நேருக்கு வரும். டிரிக்கர் செய்வது ஒரே ஒரு வேலை, ஹேமரை விடுவிப்பது. அதனால்தான் அந்தப் பெயர். எளிய, உறுதியான இயந்திரம். ஆனால் 1911-ல் அது கிட்டத்தட்ட 40 வருஷம் பழசு. பிரிட்டிஷ் அதிகாரிகள் வைத்திருந்த வெப்லி ரிவால்வரில்கூட டிரிக்கரை அழுத்தினாலே எல்லாம் நடக்கும்.

அமெரிக்கரான ஜான் மோசஸ் பிரவுனிங் இன்னொரு பாய்ச்சல் பாய்ந்தார். குண்டு வெடிக்கும்போது பின்னால் உதைக்கும் விசையையே பயன்படுத்தி, காலித் தோட்டாவை வெளியே தள்ளி அடுத்ததை உள்ளே ஏற்றும் பிஸ்டல். தோட்டாக்கள் கைப்பிடிக்குள் இருக்கும். பெல்ஜியத்தில் லியேஜ் பக்கத்தில் ஹெர்ஸ்டல் என்ற ஊரில் உள்ள எஃப்.என். தொழிற்சாலை இதைத் தயாரித்து ஐரோப்பா முழுக்க விற்றது. அங்கே மளிகைக் கடைச் சரக்கு மாதிரி கிடைத்த பொருள், இங்கே 1878 ஆயுதச் சட்டத்தால் லைசென்ஸ் இல்லாத இந்தியர் தொடவே முடியாத பொருள்.

ஐரோப்பாவில் இருந்த இந்தியப் புரட்சிக்காரர்கள் இந்த இடைவெளியைத்தான் பிடித்துக்கொண்டார்கள். 1909-ல் லண்டனிலிருந்து சாவர்க்கர் 20 பிரவுனிங் பிஸ்டல்களைப் பெட்டியின் ரகசிய அடித்தட்டில் மறைத்து அனுப்பினார். அவற்றில் ஒன்று அதே ஆண்டு டிசம்பர் 21-ல் நாசிக்கில், நாடகம் பார்க்க வந்த கலெக்டர் ஜாக்சனைக் கொன்றது. அடுத்த மார்ச்சில் சாவர்க்கர் கைதானார். அவரோடு லண்டனில் இருந்த திருச்சிக்காரர் வ.வே.சு. அய்யர் போலீஸ் கண்ணில் மண்ணைத் தூவி, 1910-ல் புதுச்சேரி வந்து சேர்ந்தார். பிரெஞ்சு மண். பிரிட்டிஷ் போலீஸ் எல்லையில் நின்று வேடிக்கைதான் பார்க்க முடியும்.

1911 தொடக்கத்தில் வாஞ்சி வேலைக்கு லீவு போட்டுவிட்டுப் புதுச்சேரி போனார். அங்கே அவருக்குச் சுடப் பழக்கியவர் அய்யர். பிஸ்டல் பாரிஸில் இருந்த மேடம் காமா வட்டம் வழியாக வந்ததாகப் பரவலாகச் சொல்லப்படுகிறது. எந்தக் கை மாறி வந்திருந்தாலும், பெல்ஜியம், பிரெஞ்சு புதுச்சேரி, திருவிதாங்கூர் செங்கோட்டை என மூன்று ஆட்சிகளின் எல்லையைத் தாண்டாமல் அது மணியாச்சி வந்திருக்க வழியில்லை.

பத்து நிமிடக் காத்திருப்பு

ஜூன் 17, சனிக்கிழமை. ஆஷும் மனைவி மேரியும் கொடைக்கானலில் இருந்த குழந்தைகளைப் பார்க்கக் கிளம்பினார்கள். காலை 9.30-க்கு திருநெல்வேலியில் ரயில் ஏறி, பத்தரை தாண்டி மணியாச்சி ஜங்ஷன் வந்தார்கள். தூத்துக்குடியிலிருந்து வரும் போட் மெயிலுக்காகப் பத்து நிமிடம் காத்திருக்க வேண்டும். கொழும்புக் கப்பலில் வந்திறங்கும் பயணிகளை மெட்ராஸுக்கு ஏற்றிச் செல்லும் ரயில் அது. வ.உ.சி. கம்பெனி போட்டி போட்டதும் இதே கொழும்பு வழித்தடத்தில்தான்.

முதல் வகுப்புப் பெட்டியில் கணவனும் மனைவியும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். கோட் அணிந்த, குடுமி வைத்த ஒருவரும் இன்னொரு இளைஞரும் பெட்டியை நெருங்கினார்கள். கோட்காரர் ஆஷின் மார்பில் சுட்டார். பிளாட்ஃபாரத்தில் ஓடி, அங்கிருந்த கழிவறைக்குள் புகுந்து, தன் வாயில் சுட்டுக்கொண்டார். கூட வந்த சங்கரகிருஷ்ணன் தப்பினார், பிறகு பிடிபட்டார். ஆஷின் உயிர் திருநெல்வேலிக்குத் திரும்பும் வழியிலேயே போய்விட்டது.

வாஞ்சியின் பையில் ஒரு கடிதம் இருந்தது. பாடப்புத்தகங்கள் இதைத் தொட்டும் தொடாமலும் விட்டுவிடும். அதில் வ.உ.சி. பெயர் இல்லை. கப்பலும் இல்லை, கோரல் மில்லும் இல்லை. ஐந்தே நாளில் லண்டனில் முடிசூடவிருந்த ஐந்தாம் ஜார்ஜ்தான் குறி. அந்த மன்னர் இந்திய மண்ணில் கால் வைத்தால் கொல்ல 3000 பேர் சபதம் எடுத்திருப்பதாகவும், அதை அறிவிக்கவே இந்தச் செயல் என்றும் எழுதியிருந்தார். சுதந்திரத்தோடு சனாதன தர்மத்தைக் காப்பதும் காரணமாகச் சொல்லப்பட்டிருந்தது. மன்னரை மாட்டுக்கறி தின்னும் மிலேச்சன் என்று ஏசியிருந்தார். ஐந்தாம் ஜார்ஜைக் குறிக்கப் பஞ்சமன் என்ற சொல்லைப் போட்டிருந்தார். அது அன்று தலித் மக்களைக் குறித்த சொல்லும்தான்.

சோஷியல் மீடியாவில் வருஷா வருஷம் நடக்கும் சண்டை இங்கிருந்துதான் கிளம்புகிறது. ஒரு தரப்புக்கு அவர் களங்கமே இல்லாத தியாகி. இன்னொரு தரப்பு, பிரசவ வலியில் துடித்த ஒரு தலித் பெண்ணை ஆஷ் அக்ரஹாரம் வழியே கொண்டுபோனதால்தான் கொலை நடந்தது என்று ஃபார்வர்டு செய்யும். இந்தக் கதைக்கு அந்தக் காலத்து ஆவணச் சான்று எதுவும் காட்டப்படவில்லை. ஆனால் கடிதத்தில் உள்ள சாதி வாசனைக்கு ஆவணம் தேவையில்லை, கடிதமே ஆவணம். சுதேசி இயக்கத்தை நசுக்கிய அரசின் மீதான கோபமும் வருண தர்மத்தின் மீதான பிடிப்பும் ஒரே ஆளிடம் இருந்தன. ஒன்றைக் காட்டி மற்றொன்றை மறைக்கத் தேவையில்லை. கதையை விரிவாகப் படிக்க நினைப்பவர்கள் தூத்துக்குடி ஆய்வாளர் ஆ.சிவசுப்பிரமணியன் எழுதிய 'ஆஷ் கொலையும் இந்தியப் புரட்சி இயக்கமும்' புத்தகத்தில் தொடங்கலாம்.

வழக்கில் 14 பேர் குற்றம் சாட்டப்பட்டார்கள். முதல் குற்றவாளியாகச் சேர்க்கப்பட்ட நீலகண்ட பிரம்மச்சாரிக்கு 7 ஆண்டு, சங்கரகிருஷ்ணனுக்கு 4 ஆண்டு. நீலகண்டர் பின்னாளில் துறவியாகி, நந்தி மலையில் வாழ்ந்து 1978-ல் இறந்தார். வ.வே.சு. அய்யர் 1925-ல் பாபநாசம் கல்யாண தீர்த்தத்தில், அருவியில் விழுந்த மகளைக் காப்பாற்றப் போய் மூழ்கினார். ஆஷின் கல்லறை பாளையங்கோட்டையில் இருக்கிறது, நினைவு மண்டபம் தூத்துக்குடியில். மணியாச்சி ஸ்டேஷன் போர்டில் இப்போது வாஞ்சியின் பெயர்.

சரி, நாடகத்துக்கோ ஷார்ட் ஃபிலிமுக்கோ எதை வாங்குவது?

இத்தாலியில் உபெர்டி, பியெட்டா போன்ற கம்பெனிகள் பழைய கோல்ட் ரிவால்வரை அச்சு அசலாக இன்றும் செய்கின்றன. அவை நிஜமாகச் சுடும். பழைய மாடல் என்பதால் இந்தியாவில் சலுகை கிடைக்கும் என்று நினைக்க வேண்டாம். புதிதாகச் செய்த, சுடக்கூடிய துப்பாக்கி எதுவானாலும் 1959 ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் வேண்டும். காசு கொட்டி வாங்கினாலும் வாஞ்சிக்கு அது பொருந்தாது. குண்டு போடவே வழியில்லாத பிளாஸ்டிக் அல்லது மர மாடல் போதும். வாங்கும்போது பார்க்க வேண்டியது இரண்டுதான்: நடுவில் உருளை இருக்கக் கூடாது, கோட் பைக்குள் முழுசாக மறைய வேண்டும். கிடைக்கவில்லையா? கார்ட்போர்டில் வெட்டிக் கறுப்பு பெயின்ட் அடித்தால் ஆச்சு. ஷூட்டிங் ரயில் நிலையத்தில் என்றால் மட்டும், ரயில்வேயிடம் முன்கூட்டியே அனுமதி வாங்கிவிடுங்கள்.